எந்த சி காணாமல் போனது?

ஒரு டிஎன்ஏ துண்டில் ஏ சி சி ஜி, இன்னொன்றில் ஏ சி ஜி. இரண்டும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை, வழியில் ஒரு சி விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விழுந்தது முதல் சி-யா, இரண்டாவதா? ஏ – சி ஜி என்று இடைவெளி விட்டும் எழுதலாம், ஏ சி – ஜி என்றும் எழுதலாம். எழுத்துகளை மட்டும் பார்த்து முடிவு சொல்லவே முடியாது.

பத்துப் பத்து எழுத்துள்ள இரண்டு வரிசைகள் என்றால், இப்படி இடைவெளி விட்டு ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் வழிகள் 80,97,453. அப்புறம், எது எதிலிருந்து பிரிந்தது என்று காட்டும் மரம் வேறு இருக்கிறது: 10 உயிரினங்களுக்கு, வேர், அதாவது பொது மூதாதை, எங்கே என்று குறிக்காமலே, 20,27,025 பரிணாம மரங்கள் வரையலாம். வழக்கமாக என்ன செய்கிறார்கள் என்றால், ஒரு கணினி நிரல் தரும் ஒரே அடுக்கை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொண்டு அதன் மேல் மரத்தைக் கட்டுகிறார்கள். இது எனக்குச் சரியாகவே படவில்லை. 2008-ல் வந்த ஓர் ஆய்வில் 7 ஈஸ்ட் இனங்களின் 1,502 மரபணுக்களை 7 நிரல்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 46 சதவீத மரபணுக்களில், எந்த நிரல் அடுக்கியது என்பதைப் பொறுத்து மரமே மாறியது.

இதற்கு ஒரு நல்ல வழி, 1953-ல் லாஸ் அலமோஸ் இயற்பியலாளர்கள் வெளியிட்ட ஒரு கணக்கீட்டு முறையிலிருந்து வந்தது. ஏதோ ஒரு மரம், ஏதோ ஓர் அடுக்கு என்று தொடங்க வேண்டும். ஒரு கிளையைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டுப் பார்க்கலாம், அல்லது ஓர் இடைவெளியை நகர்த்தலாம். புதியது கூடுதல் பொருத்தமா, ஏற்றுக்கொள். பத்து மடங்கு மோசமா, அப்போதும் உடனே தள்ளிவிடாமல் பத்தில் ஒரு தடவை ஏற்றுக்கொள். இந்த விதிதான் முறையின் உயிர். இது இல்லாவிட்டால் முதலில் கண்ட சுமாரான விடையிலேயே கணினி உட்கார்ந்துவிடும். இதை லட்சக்கணக்கான தடவை செய்தால், ஒவ்வொரு விடைக்கும் எவ்வளவு சாத்தியமோ அந்த அளவு நேரத்தை அதில் செலவழிக்கும். தொடக்கப் பகுதியை வீசிவிட்டு மிச்சத்தில் 1,000 மாதிரி எடுத்து, ஒரு கிளை 930-ல் வந்தால் அதன் நிகழ்தகவு 93 சதவீதம்.

ரெடலிங்ஸும் சுச்சார்டும் 2005-ல் வெளியிட்ட பாலி-ஃபை முறை அடுக்கையும் மரத்தையும் இப்படிச் சேர்த்தே தேடுகிறது. மெதுவானது, ஆயிரக்கணக்கான வரிசைகளுக்குத் தாங்காது. வேறு வேறு இடத்தில் தொடங்கிய இரண்டு ஓட்டங்களாவது ஒரே முடிவுக்கு வருகின்றனவா என்றும் பார்த்தாக வேண்டும். ஆனால் நம்முடைய சி-யைக் கொடுத்தால், ஏறக்குறைய சரிபாதி மாதிரிகளில் முதல் சி விழுந்திருக்கும், சரிபாதியில் இரண்டாவது.