விஞ்ஞான பாடத்துக்கு வீடியோவும் வேண்டும், செய்முறையும் வேண்டும்: பெற்றோர் எதைக் கேட்கலாம்?

தரம் 6 முதல் 11 வரை விஞ்ஞானம் கட்டாய பாடம். சாதாரண தரப் பரீட்சையிலும் அதை எழுதியே ஆகவேண்டும். பாடப்புத்தகம் 1980 முதல் இலவசமாகக் கிடைப்பது எல்லாருக்கும் தெரியும். மற்ற வசதிகளைப் பற்றித்தான் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் பலரும் கேட்பதில்லை.

கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்மொழிமூலப் பாடங்கள் தரம் வாரியாக இருக்கின்றன. கட்டணம் இல்லை, டேட்டாச் செலவு மட்டும்தான். தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் ஆசிரியர் வழிகாட்டிகள் கிடைக்கும். பெயர்தான் ஆசிரியர் வழிகாட்டி, பெற்றோரும் தாராளமாக வாசிக்கலாம். எந்தப் பாடத்துக்கு என்ன செய்முறை, அதற்கு என்ன பொருட்கள் என்று அதில் பார்க்கலாம். பிள்ளை வகுப்பில் எதையெல்லாம் செய்து பார்த்திருக்க வேண்டும் என்பது அப்போது விளங்கிவிடும்.

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டத்தான் திரை நல்லது. திரையிலேயே பரிசோதனை செய்து பார்க்கும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) செயலிகள் தமிழிலும் உண்டு. மின்சுற்றுச் செயலியில் மின்கலத்தைக் கூட்டினால் கம்பியில் இலத்திரன்கள் வேகமாக ஓடுவதைப் பிள்ளை பார்க்கலாம். ஒருமுறை இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும். சிக்னல் இழுபறியான இடங்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் நாகத்துண்டில் (சிங்க் உலோகம்) ஐதான ஐதரோகுளோரிக்கமிலம் விட்டு, வரும் வாயுவுக்குக் கிட்ட எரிகுச்சியைப் பிடிக்கும்போது கேட்கும் 'பொப்' சத்தத்தை வீடியோவில் கேட்டு என்ன பயன்? றியோ இலையின் கீழ்ப்புறத் தோலை மெல்ல உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, நுணுக்குக்காட்டியில் இலைவாயைத் தானே கண்டுபிடித்த பிள்ளைக்கு அந்தப் படத்தைப் பாடமாக்கவே தேவையில்லை. நுணுக்குக்காட்டியை அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டு வீடியோ போடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

சரி, பொருட்களுக்குக் காசு? கற்றல் கற்பித்தல் பொருட்களுக்கென்று பாடசாலைகளுக்குத் தர உள்ளீட்டு நிதி வருகிறது. பாடசாலையின் வருடாந்தத் திட்டத்தில் எழுதினால்தான் அதில் வாங்கலாம். அமிலமும் மகனீசிய நாடாவும் வருடா வருடம் முடிந்துபோகிறவை, முதலில் விடுபடுகிறவையும் அவைதான். அதனால் திட்டம் போடும் காலத்திலேயே பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போய், விஞ்ஞானத்துக்கு என்ன கேட்டிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். விஞ்ஞான ஆசிரியருக்கும் அது பலம்.

பதில் கிடைக்காவிட்டால், மாகாணப் பாடசாலை என்றால் உங்கள் வலயக் கல்விப் பணிமனைக்குப் போகலாம். யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று மாவட்டத்தில் 5 வலயங்கள். விஞ்ஞானத்துக்கான ஆசிரிய ஆலோசகரைக் கேளுங்கள். தேசிய பாடசாலைகள் பத்தரமுல்லையிலுள்ள கல்வி அமைச்சின் கீழ் வருபவை.

அதற்கும் மேலே, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நிதி எவ்வளவு வந்தது, விஞ்ஞானத்துக்கு என்ன வாங்கினார்கள் என்று தகவல் அலுவலரிடம் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். கடிதத்தில் ஆண்டையும் பாடசாலையின் பெயரையும் தெளிவாகப் போடுங்கள். விண்ணப்பம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் வரவேண்டாம்.