துப்பாக்கியில் சட்டம் கேட்கும் எழுத்துகள்: அமெரிக்காவில் யாரிடம் பொறிக்கக் கொடுப்பது?

அமெரிக்காவில் 1934 முதல் இருந்துவந்த 200 டாலர் வரி, சைலன்சருக்கும் குட்டைக் குழல் ரைபிளுக்கும் 2026 ஜனவரி 1 அன்று பூஜ்யமாகிவிட்டது. அதைக் கேட்டதும் "இனி எந்தக் கட்டுப்பாடும் இல்லை" என்று நினைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். போனது வரி மட்டும்தான். விண்ணப்பம், கைரேகை, முன் அனுமதி, உலோகத்தில் பெயர் பொறிப்பது எல்லாம் அப்படியே இருக்கின்றன. இதில் கடைசி வேலையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அனுமதி கையில் வந்த பிறகு, இதை யாரிடம் கொடுத்துப் பொறிப்பது என்று தெரிவதில்லை.

முதலில், பொறிப்பு யாருக்குத் தேவை? கடையில் ஒரு சைலன்சரை வாங்கி ஃபார்ம் 4 மூலம் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டால் நீங்கள் எதையும் பொறிக்க வேண்டாம். தயாரித்த நிறுவனத்தின் எழுத்துகளே போதும். ஃபார்ம் 1 போட்டு நீங்களே உருவாக்கும்போதுதான் கடமை உங்கள் தலையில் விழுகிறது. வைத்திருக்கும் சாதாரண ரைபிளில் 16 அங்குலத்துக்குக் குறைவான குழலை மாட்டினாலே சட்டத்தின் கண்ணில் அது புதிதாக ஒன்றை "உருவாக்குவது" ஆகிவிடும்.

நம்மவர்களுக்கு இன்னொரு விஷயம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அப்புறம் மாநிலச் சட்டம். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய் மாநிலங்களில் சாதாரணக் குடிமக்கள் சைலன்சர் வைத்திருக்க முடியாது. கூட்டாட்சிப் படிவம் அந்தத் தடையை நீக்காது.

சரி, என்ன பொறிக்க வேண்டும்? சீரியல் நம்பர், உருவாக்கியவர் பெயர், உருவாக்கிய நகரம், மாநிலம். கூடவே காலிபர் (குழலின் உள் அளவு), மாடல் பெயர் வைத்திருந்தால் அதுவும். பெயரும் ஊரும் நம்பரும் ரிசீவரில், அதாவது துப்பாக்கியின் இயங்கும் பாகங்களைத் தாங்கும் மைய உடலில், இருக்க வேண்டும்; மாடலையும் காலிபரையும் குழலில்கூடப் போடலாம். தொழிற்சாலை ரிசீவராக இருந்தால் அதில் ஏற்கெனவே உள்ள நம்பரையே படிவத்தில் எழுதுவார்கள். பெயரும் ஊரும்தான் புதிதாகச் சேரும். சைலன்சர் என்றால் வெளிக்குழாயில் பொறிப்பதே சரி. கழற்றி மாற்றக்கூடிய முனை மூடியில் பொறித்தால் பின்னால் சிக்கல்தான்.

பெயரில் கொஞ்சம் நிதானம் வேண்டும். எழுத்துகள் ஆங்கில எழுத்திலும் 0 முதல் 9 வரையான இலக்கத்திலும்தான் இருக்கலாம். தமிழ்ப் பெயர்கள் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, ஓட்டுநர் உரிமத்தில் ஒரு மாதிரி இருப்பது நமக்குப் பழகிய தொல்லை. ஓர் இடத்தில் இனிஷியல், இன்னோர் இடத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நீண்டு நிற்கும். ஃபார்ம் 1-இல் எது போயிருக்கிறதோ அதுவே உலோகத்திலும் வரட்டும். டிரஸ்ட் பெயரில் விண்ணப்பித்திருந்தால் டிரஸ்டின் பெயரைத்தான் பொறிக்க வேண்டும், உங்கள் பெயரை அல்ல. அதனால் விண்ணப்பிக்கும்போதே டிரஸ்டுக்குச் சின்னப் பெயராக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறு ஊருக்குக் குடிபோனால் திரும்பப் பொறிக்க வேண்டாம்.

இனி ஆழம். பிழைகள் பெரும்பாலும் நடப்பது இங்கேதான். கூட்டாட்சி விதித் தொகுப்பின் 27ஆம் தலைப்பில் உள்ள 479.102 பிரிவு கேட்பது குறைந்தது 0.003 அங்குல ஆழம், அதாவது சுமார் 0.08 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான். சீரியல் நம்பரின் உயரம் குறைந்தது 1/16 அங்குலம், சுமார் 1.6 மில்லிமீட்டர். சின்ன அளவுகள்தான், ஆனால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதவை. ஏஆர்-15 போன்ற ரைபிளின் ரிசீவர் பெரும்பாலும் அலுமினியம். மேலே கறுப்பாக அனோடைஸ் பூச்சு இருக்கும். லேசர் ஒருமுறை ஓடினாலே அந்தக் கறுப்பு எரிந்து எழுத்து வெள்ளை வெளேரென்று தெரியும். பார்த்தால் அருமையாக இருக்கும், ஆனால் அந்தப் பூச்சின் மொத்தத் தடிமனே வழக்கமாக 0.002 அங்குலம்தான். பூச்சு மட்டும் போயிருந்தால் சட்டம் கேட்ட ஆழம் வரவில்லை. ஆழத்தை உலோகத்தின் சமதளத்திலிருந்து அளக்க வேண்டும், ஓரத்தில் மேலெழும் பிசிறிலிருந்து அல்ல. லேசர் தவறான கருவி என்று சொல்லவில்லை. பலமுறை ஓட்டினால் தாராளமாக ஆழம் வரும். சுழலும் வெட்டுக்கருவியும் நல்லதே. ஆனால் கூர்முனைக் கருவி கீழே போகப் போகக் குறுகும். எழுத்தின் உயரத்தையோ வெட்டின் அடியில் அளக்க வேண்டும். ஆகவே 1/16 அங்குலத்தில் சரியாக நிற்காமல் 2 மில்லிமீட்டராகக் கேளுங்கள்.

ரிசீவர் பிளாஸ்டிக் என்றால் சீரியல் நம்பர், அதில் நிரந்தரமாகப் பதித்த உலோகத் தகட்டில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கிலேயே நம்பரைப் பொறித்துக் கொடுக்கிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள்.

யாரிடம் போவது? நீங்களே பொறித்துக்கொள்ளச் சட்டம் தடை சொல்லவில்லை, அளவுகள் வந்தால் போதும். ஆனால் சரியான கருவி இல்லாமல் விலையுயர்ந்த ரிசீவரில் கைபழக வேண்டாம் என்பதே என் கருத்து. பக்கத்தில் கோப்பைக்கும் பெயர்ப்பலகைக்கும் எழுத்து வெட்டும் கடை இருக்கும், நகைக்கடையிலும் பொறிப்பார்கள். அவர்களுடைய கை நேர்த்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் துப்பாக்கிகளில் பொறிப்பதைத் தொழிலாகச் செய்பவர் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவராகவே கருதப்படுவார், அவருக்குக் கூட்டாட்சி லைசென்ஸ் வேண்டும் என்பது துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப் துறையின் நிலைப்பாடு. வகை 01 லைசென்ஸ் பழுதுபார்ப்பவர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும், வகை 07 தயாரிப்பாளர்களுக்கும் உரியது. மாநிலவாரியான லைசென்ஸ் பட்டியலை ஏடிஎஃப் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. ஒருவர் தரும் லைசென்ஸ் எண் உண்மையா என்று 'ஈஸி செக்' பக்கத்தில் பார்க்கலாம்.

ஆளைக் கண்டுபிடித்ததும் விலைக்கு முன் கேட்க வேண்டியவை சில. ஃபார்ம் 1 வேலை இதற்கு முன் செய்திருக்கிறாரா, ஆழத்தை எதை வைத்து அளக்கிறார், பொறித்த பின் அளந்து காட்டுவாரா? டெப்த் கேஜ் என்ற ஆழமானி வைத்திருப்பவர் இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார். "நல்லாத் தெரியும் சார், கவலைப்படாதீங்க" என்று மட்டும் பதில் வந்தால் வேறு கடை பாருங்கள். பொறிக்க வேண்டிய வரியை வாயால் சொல்லாமல், எழுத்துக்கு எழுத்து டைப் செய்து கொடுங்கள். வெட்டும் முன் அவருடைய கணினித் திரையில் ஒருமுறை கூட்டிப் படியுங்கள். ஓர் எழுத்து தப்பினால் உலோகத்தில் ரப்பர் போட முடியாது.

எப்போது கொடுப்பது? அனுமதி வந்த பிறகு, குட்டைக் குழலை மாட்டுவதற்கு முன். அந்த நேரத்தில் உங்கள் கையில் இருப்பது வெறும் ரிசீவர், சட்டப்படி சாதாரணத் துப்பாக்கி. அதைக் கடையில் விட்டுவிட்டு வரலாம், லைசென்ஸ் உள்ளவர் தன் பதிவேட்டில் ஏற்றிக்கொள்வார். குட்டை ரைபிளாக மாட்டிவிட்டீர்கள் என்றால், பொறிப்பவர் பக்கத்து மாநிலத்தில் இருந்தாலும் எல்லை தாண்ட ஏடிஎஃப்பிடம் தனியாக முன் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். பொறிப்புக்காக லைசென்ஸ் உள்ளவருக்கு அனுப்பவும் அவர் நேராக உங்களுக்கே திருப்பி அனுப்பவும் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் கூரியர் நிறுவனங்களுக்குத் தனி விதிகள் உண்டு. காரில் போய்வரும் தூரத்தில் ஆள் கிடைத்தால் அதுவே நிம்மதி.

சீரியல் நம்பரே இல்லாத, வீட்டில் செய்த சாதாரணத் துப்பாக்கி வேறு கதை. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தால் கூட்டாட்சிச் சட்டம் பொறிப்பைக் கேட்பதில்லை. ஆனால் லைசென்ஸ் உள்ளவர் அதைத் தன் பதிவேட்டில் எடுத்துக்கொண்டால் 7 நாளுக்குள் நம்பர் போட்டாக வேண்டும். இந்த 2022 விதியை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்தது. கலிஃபோர்னியாவிலோ மாநில நீதித்துறையிடம் முன்கூட்டியே நம்பர் வாங்க வேண்டும்.

பொறிப்பில் பிழை இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஃபார்ம் 1-இல் கையெழுத்துப் போட்ட நீங்கள். அந்த 200 டாலர் வரியைக் கொண்டுவந்த 1934ஆம் ஆண்டு தேசியத் துப்பாக்கிச் சட்டத்தை மீறினால் 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அதனால் கடையை விட்டு வெளியே வரும் முன் படிவத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தையும் ஒப்பிடுங்கள், ஆழத்தை அளக்கச் சொல்லி அளவு தெரியும்படி ஒரு படம் எடுங்கள். அந்தப் படத்தையும் ரசீதையும் அனுமதிப் படிவத்தின் நகலோடு சேர்த்து வையுங்கள்.