ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் காற்று

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அண்ணை, பழைய கார் ஒண்டு வாங்கினனான். முன் கதவு ரெண்டுக்கும் புது ஸ்பீக்கர் போடப்போறன். கதவுக்குள்ள பைபர்கிளாஸில சின்னப் பெட்டி கட்டி அதுக்குள்ள வைச்சாத்தான் பேஸ் வருமெண்டு கடைக்காரர் சொல்லுறார். சும்மா கதவில பூட்டினாலே காணுமெண்டு மச்சான் சொல்லுறான். ஆர் சொல்லுறது சரி?"

இந்தக் காரைப் பொறுத்தவரை மச்சான் சொல்வதுதான் சரி. ஆனால் டிக்கியில் வைக்கும் பெரிய பேஸ் ஸ்பீக்கர் என்றால் கடைக்காரர் பக்கம் நியாயம் போய்விடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கூம்புக்குப் பின்னால் அடைபட்டிருக்கும் காற்று.

சுருள், காந்தம், கூம்பு எல்லாம் சாதாரண தரத்தில் படித்தவைதான். கூம்பு முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது, அதே கணத்தில் பின்பக்கக் காற்று ஐதாகிறது. இரண்டு அலைகளும் எதிர் அவத்தையில் பிறக்கின்றன. எங்கள் வெயிலில் 50 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீற்றர். கூம்பின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையில் ஒரு சாண் தூரம்கூட இல்லை. ஆகவே முன்னால் நெருங்கிய காற்று விளிம்பைச் சுற்றிப் பின்னால் ஓடிவிடும், பேஸ் அங்கேயே செத்துவிடும். ஸ்பீக்கரை வெறுமனே மேசையில் வைத்துப் பாட்டுப் போட்டுப் பாருங்கள், தகரத்தில் தட்டுகிற மாதிரி இருக்கும். பெரிய காட்போட் மட்டையில் வட்டமாக வெட்டி அதில் பொருத்துங்கள். அதே ஸ்பீக்கர், அதே பாட்டு, குரலுக்கு நெஞ்சு வந்துவிடும்.

கதவும் அப்படி ஒரு மட்டைதான். பெட்டியும் பின் அலையை மறிக்கிறது. ஆனால் பெட்டி இன்னொரு வேலையையும் செய்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மருந்துக்கடையில் ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். 10 மில்லிலீற்றர் கோட்டுக்கு இழுத்து, நுனியை விரலால் இறுக்கி மூடி, 1 மில்லிலீற்றர் அளவுக்குத் தள்ளுங்கள். லேசாகப் போகும். இனி 2 மில்லிலீற்றர் கோட்டில் இருந்து அதே 1 மில்லிலீற்றர் தள்ளுங்கள். கட்டைவிரல் நோகும், விட்டதும் தண்டு திரும்பி வரும். அடைபட்ட காற்று ஒரு விற்சுருள். கனவளவு குறையக் குறைய அது விறைக்கிறது.

இதை ஸ்பீக்கருக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறரை அங்குல ஸ்பீக்கரின் கூம்பு ஏறக்குறைய 130 சதுர சென்ரிமீற்றர். அது 3 மில்லிமீற்றர் உள்ளே போனால் 39 கன சென்ரிமீற்றர் காற்றை நசுக்குகிறது. 4 லீற்றர் பெட்டிக்குள் இது நூற்றில் ஒரு பங்கு. இது பெரிய விஷயமா என்று தோன்றும். ஆனால் வளிமண்டல அமுக்கம் ஒரு இலட்சம் பஸ்கால், அதில் சிறு பங்கும் கனமானது. கணக்குப் பார்த்தால் கூம்பை அந்தக் காற்று 18 நியூற்றன் விசையோடு திருப்பித் தள்ளுகிறது. ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல் அரிசியைக் கூம்பின் மேல் வைத்தது போல. கதவின் உட்பகுதியை 36 லீற்றர் என்று வைத்துக்கொண்டால் அதே அசைவுக்கு 2 நியூற்றன்தான், ஒரு குவளைத் தண்ணீரின் பாரம்.

கூம்பைப் பிடித்திருக்கும் துணியும் றப்பரும் ஏற்கெனவே ஒரு விற்சுருள். காற்று அதோடு சேர்கிறது. அந்தத் துணியின் விறைப்பை எதில் அளப்பது? லீற்றரில்! எத்தனை லீற்றர் காற்று அந்தத் துணியளவு விறைப்பாக இருக்குமோ அதுதான் அதன் அளவு. ஸ்பீக்கரோடு வரும் கடதாசியில் வி.ஏ.எஸ். என்று போட்டிருப்பது இதைத்தான். 1961இல் அவுஸ்திரேலியாவின் நெவில் தீல் தொடக்கிவைத்த வழியை 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் விரித்தெழுதினார். துணியையும் பெட்டியையும் ஒரே அலகில் நிறுத்தியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

உதாரணமாக ஒரு கதவு ஸ்பீக்கரின் பரிவு மீடிறன் (கூம்பு தன் இயல்பில் ஆடும் மீடிறன், சுருக்கமாகப் பரிவு) 60 ஹேர்ட்ஸ், வி.ஏ.எஸ். 12 லீற்றர், கியூ எண் 0.6 என்று வைப்போம். கியூ எண் என்பது பரிவில் கூம்பு எவ்வளவு ஆடி அடங்குகிறது என்பதன் அளவு. 12ஐப் பெட்டியின் கனவளவால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். அந்த விடையால் பரிவையும் கியூவையும் பெருக்குங்கள். 4 லீற்றர் பெட்டிக்கு விடை 2. பரிவு 120 ஹேர்ட்ஸாகிவிடும், கியூ 1.2 ஆகும். ஆழமான பேஸ் போய்விடும், 120க்குப் பக்கத்தில் மட்டும் ஒரு மொத்தையான முழக்கம் எழும். "பேஸ் கூடிற்று" என்று கடையில் கேட்டு மயங்குவது அந்த முழக்கத்தைத்தான். 36 லீற்றர் கதவுக்கு விடை 1.15. பரிவு 69, கியூ 0.69. ஒலி மேடு பள்ளமின்றி இறங்குவதற்கு ஏற்ற 0.707க்கு மிகக் கிட்ட. ஸ்பீக்கர் செய்தவர் கதவை மனதில் வைத்தே செய்திருக்கிறார்.

இது உயர்தர மாணவர் படிக்கும் எளிமை இசை இயக்கம்தான். சி.வி. இராமன் 1920இல் மிருதங்கத்தின் மேற்சுரங்களைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார். இணுவில் தவிலைக் கேட்டு வளரும் பிள்ளைகள் இரண்டு தோலுக்கு நடுவில் அடைபட்ட காற்றை அளந்து பார்க்க ஒரு மைக்கும் ஒரு கணினியும் போதும். அதற்குப் பாடசாலைகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வெறும் வாட்ஸ் எண்ணையும் காந்தத்தின் பருமனையும் நம்பிக் காசு கொடுக்கும் பழக்கம் அங்கேதான் உடையும்.

சரி, கதவுக்கு வருவோம். உள்தகட்டில் பெரிய ஓட்டைகள் இருக்கும், கொம்பனி அதை ஒரு பிளாஸ்ரிக் தாளால் மூடியிருக்கும். பின் அலை அந்த வழியாகக் கசிந்து முன் அலையை அழிக்கும். அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் றப்பர் விரிப்பால் அந்த ஓட்டைகளை மூடுங்கள். மலிவான தார் விரிப்பு வேண்டாம், வெயிலில் நிறுத்திய காரில் அது இளகி வழியும். ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் போம் ரேப் சுற்றுங்கள்.

கதவின் அடியில் உள்ள சிறு துவாரங்களை மட்டும் அடைக்க விடாதீர்கள். கண்ணாடியில் வழியும் மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கித்தான் வெளியேறுகிறது. என் காரில் ஒரு கடையில் அவற்றையும் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். கார்த்திகை மழையில் ஒவ்வொரு பிரேக்குக்கும் கதவுக்குள் தண்ணீர் சளசளத்தது. பிறகு அடித்தகடு துருப்பிடித்தது. உங்கள் பைபர்கிளாஸ் பெட்டிக்கும் இதே சிக்கல்தான்: கண்ணாடி இறங்கவும் தண்ணீர் ஓடவும் வழி விட்டால் மிஞ்சுவது 3, 4 லீற்றர்தான்.

டிக்கி பேஸ் ஸ்பீக்கரின் கதை வேறு. அவற்றில் பலதும் தளர்ந்த துணியோடு, குறைந்த கியூவோடு, அடைத்த பெட்டியை எதிர்பார்த்தே செய்யப்படுகிறது. அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1954இல் கண்ட வழி இது: துணியை வேண்டுமென்றே தளரவிட்டு, அதைவிட ஒழுங்காகத் திருப்பித் தள்ளும் காற்றையே விற்சுருளாக்கினார். பரிவு 28, வி.ஏ.எஸ். 40, கியூ 0.4 என்றால் 20 லீற்றர் பெட்டியில் பரிவு 48, கியூ 0.69. அதற்குக் கீழே அடைத்த பெட்டியின் ஒலி குறையத் தொடங்கும். அங்கே காரின் மூடிய உட்பகுதி கைகொடுக்கும். ஏறக்குறைய 70 ஹேர்ட்ஸுக்குக் கீழே அலை விரிய அங்கு இடமில்லை, முழுக் காற்றும் ஒன்றாக அமுங்கி விரிகிறது. பண்ணைப் பாலத்தில் போகும்போது நான்கு கண்ணாடிகளையும் இறக்கிப் பாருங்கள், அந்த ஆழம் கடலோடு போய்விடும்.