வீட்டார் பதில் சொன்னால் நாங்கள் எதை அளப்பது?

"தம்பி, சேர்ட் தெறியை நீங்களே பூட்டுவீர்களா?" என்று சிகிச்சையாளராகிய நான் கேட்டேன். பதில் தாயிடமிருந்து வந்தது. "அவன் ஏன் கஷ்டப்பட வேண்டும்? நான் பூட்டிவிடுகிறேன்." அடுத்த கேள்விக்கும் அவரே முந்திக்கொண்டார். பனையால் விழுந்து முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்ட இளைஞர் சக்கர நாற்காலியில் வாய் திறக்காமல் இருந்தார். யாழ்ப்பாணத்தில் இந்தக் காட்சியைக் கண்டு கண்டு அலுத்துவிட்டது.

அம்மா, நாங்கள் அளப்பது உங்கள் பாசத்தை அல்ல. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கான 'ஸ்கிம்' (SCIM) என்ற அளவுகோல், அவர் நாளாந்தம் தானாக எதைச் செய்கிறார் என்று மட்டுமே பார்க்கிறது. "நினைத்தால் செய்வான்" என்பதற்குப் புள்ளி கிடையாது. முழுதும் நீங்களே ஊட்டிவிட்டால் சாப்பாட்டுக்குப் பூச்சியம். இதைச் சொன்னதும், பிள்ளை பரீட்சையில் கோட்டைவிட்டதுபோல் முகம் வாடுகிறது. இதில் சித்தி, தோல்வி எதுவும் இல்லை. குறைந்த புள்ளிதான் எங்கே பயிற்சியைத் தொடங்குவது என்று காட்டும்: கரண்டியின் பிடியைத் தடிப்பாக்குவதா, தெறிக்குப் பதில் வெல்குரோ தைப்பதா என்று. வெட்கத்துக்காகக் கூட்டிச் சொன்னால் அந்தப் பயிற்சி அவருக்குக் கிடைக்காது.

பிறகு வரும், "எப்போது நடப்பான்?" ஆனால் ஸ்கிம் நடையை மட்டும் பார்ப்பதில்லை. மொத்தம் 100 புள்ளி. சுயபராமரிப்புக்கு 20, அசைவுக்கு 40. அந்த 40இல் கட்டிலில் புரள்வதும் நாற்காலிக்கு மாறுவதும் அதை ஓட்டுவதும் அடங்கும். மிகுதி 40 மூச்சுக்கும் சிறுநீர், மலம் கழிப்பதற்கும். அதைப்பற்றிக் கேட்டால் மட்டும் எல்லோரும் நிலத்தைப் பார்க்கிறார்கள். சிறுநீர் தேங்கினால் கிருமித்தொற்று வரும், சிறுநீரகம் கெடும். வெட்கம் அதைத் தடுக்காது. மருமகளை அருகில் வைத்துக்கொண்டு மாமனாரிடம் இதைக் கேட்கும் இளம் சிகிச்சையாளர்களே, முதலில் திரையை இழுத்துவிடுங்கள்.

கிளினிக்கின் மட்டமான தரையில் கெட்டிக்காரராக இருப்பவர், வீட்டில் மணல் முற்றத்தையும் மூன்று படிகளையும் தாண்ட முடியாமல் மலசலகூடத்துக்குத் தூக்கிச் செல்லப்படுவார். ஆகவே மலசலகூட வாசலின் அகலத்தை அளந்து, சக்கர நாற்காலியின் அகலத்தோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள். சிறுநீரை வெளியேற்றும் குழாயான கதீற்றரைப் போட்ட நேரத்தையும் வெளியேறிய சிறுநீரின் அளவையும் கொப்பியில் எழுதுங்கள். நாற்காலியில் இருக்கையில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை பிட்டத்தின் பாரத்தைக் குறைக்கிறாரா, அதைத் தானாகச் செய்கிறாரா, நீங்கள் சொல்லித்தானா என்பதையும் எழுதுங்கள். உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வந்தால் அவருக்குத் தெரியாது. தினமும் கண்ணாடி பிடித்துப் பாருங்கள். கண்ணாடியை அவரே பிடிக்கட்டும்.