ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் முதுகில் ஒரு வீட்டுப்பாடம்

வேதியியலில் மோல் கணக்கு வந்ததும் பல பிள்ளைகள் சூத்திரத்தை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். அது வேண்டாம். வீட்டு மருந்து டப்பாவில் ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்கின்போது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) பாக்கெட் கிடந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள், கரைசல் பற்றிய கணக்குகளில் முக்கால்வாசி அங்கேயே இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2002-இல் பரிந்துரைத்த அளவு இது: ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 2.9, நீரற்ற குளுக்கோஸ் 13.5. இதே கலவையை மில்லிமோலில் (துகள்களை எண்ணும் அலகான மோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சொன்னால் சோடியம் 75, குளோரைடு 65, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10, குளுக்கோஸ் 75. கிராமில் தொடங்கி இந்த எண்களை எட்டிப்பிடிப்பதுதான் கணக்கு. விடை முன்னாலேயே இருப்பதால் எங்கே தப்பினோம் என்பதும் உடனே தெரிந்துவிடும்.

ஒரு கிலோ மிளகும் ஒரு கிலோ புளியங்கொட்டையும் தராசில் சமம், எண்ணிப் பார்த்தால் சமமில்லை. குடலுக்கு எண்ணிக்கைதான் முக்கியம். சிறுகுடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒரே வாசல் வழியாகச் சேர்ந்து உள்ளே போகின்றன, அவற்றின் பின்னால் தண்ணீர் போகிறது. அதனால்தான் இரண்டும் 75, 75 என்று இருக்கின்றன. எடையில் பார்த்தால் குளுக்கோஸ் உப்பைப் போல ஐந்து மடங்கு, அந்தச் சமநிலை கண்ணுக்கே படாது. மோல் என்பது இப்படி எண்ணுவதற்கான அலகு, 6.022 × 10²³ துகள் சேர்ந்தால் ஒரு மோல்.

சரி, எண்ணுவோம். குளுக்கோஸின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 180 கிராம். 13.5-ஐ 180-ஆல் வகுத்தால் 0.075 மோல், அதாவது 75 மில்லிமோல். பொட்டாசியம் குளோரைடு 74.5, ஆக 1.5 கிராமுக்கு 20.1 மில்லிமோல். உப்புக்கு சோடியத்தின் 23-ஐயும் குளோரினின் 35.5-ஐயும் கூட்டினால் 58.5, 2.6-ஐ அதனால் வகுத்தால் 44.4 மில்லிமோல். குளோரைடு இரண்டு உப்பிலிருந்தும் வருகிறது, 44.4-உம் 20.1-உம் சேர்ந்து 64.5 ஆச்சு. கிராம் அளவை ஒரு தசமத்தோடு நிறுத்தியிருப்பதால் அந்த அரை இடிக்கிறது, கவலைப்பட வேண்டாம்.

சோடியத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். உப்பிலிருந்து 44.4 கிடைத்துவிட்டது, மிச்சம் சிட்ரேட்டிலிருந்து வரவேண்டும். சிட்ரேட்டின் நிறை 258 என்று போட்டால் 11.2 மில்லிமோல், ஒன்றில் மூன்று சோடியம் என்பதால் 33.7, மொத்தம் 78. இடிக்கிறதே! பெயரின் வாலில் உள்ள 'டைஹைட்ரேட்'டைப் பாருங்கள், படிகத்துக்குள்ளேயே இரண்டு நீர் மூலக்கூறுகள் உட்கார்ந்திருக்கின்றன, தராசு அவற்றையும் சேர்த்துத்தான் நிறுத்தது. 258-உடன் 36 சேர்த்து 294 என்று வகுத்தால் 9.9, மும்மடங்கு 29.6, கூட்டினால் 74. மயில்துத்தத்திலும் (காப்பர் சல்பேட்) இதே பொறிதான்: நீரோடு 249.5, நீரில்லாமல் 159.5. சேர்மத்தின் பெயரைக் கடைசி எழுத்து வரை படிக்காமல் கால்குலேட்டரைத் தொடக்கூடாது.

அப்புறம் நீர்த்தல். 75, 65, 20, 10, 75 எல்லாவற்றையும் கூட்டினால் லிட்டருக்கு 245 மில்லிமோல் துகள்கள். நம் ரத்தத்தில் இது ஏறக்குறைய 290, கரைசல் அதைவிடக் குறைவு என்பதால் தண்ணீர் சுலபமாக உடலுக்குள் இறங்கும். அதே பாக்கெட்டை அரை லிட்டரில் கரைத்தால்? துகள்கள் அவ்வளவேதான், இடம் பாதியாகிவிட்டது, செறிவு 490. 200 மில்லி டம்ளரில் மொத்தத்தையும் கொட்டினால் 1225. அப்போது தண்ணீர் எதிர்த்திசையில், உடலிலிருந்து குடலுக்கு இழுக்கப்படும், வயிற்றுப்போக்கில் வாடிக் கிடக்கும் குழந்தைக்கு அது ஆபத்து. செறிவையும் கனஅளவையும் பெருக்கினால் முன்னும் பின்னும் ஒரே எண் வரவேண்டும் என்ற அந்தச் சின்னச் சமன்பாடு சொல்வது இவ்வளவுதான். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டரேதான்.

இனி நீங்களே ஒன்று போடுங்கள். 2002-க்கு முன்பிருந்த கலவையில் உப்பு 3.5 கிராம், குளுக்கோஸ் 20 கிராம், மற்ற இரண்டும் அப்படியே. சோடியம் 90, குளுக்கோஸ் 111, மொத்தத் துகள்கள் 311 என்று வரவேண்டும். ரத்தத்தின் 290-க்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தால், அளவை ஏன் குறைத்தார்கள் என்பதும் புரிந்துவிடும்.