செட்டுக்குள் கத்தும் கொசு

"அண்ணா, செட்டுக்குள்ள கொசு பூந்துக்கிச்சுங்க. வண்டி மலை ஏற ஏற அதுவும் கூடவே கத்துது."

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் இப்படிச் சொல்லிக்கொண்டு என் கடைக்கு வந்தார். வாரம் தவறாமல் காரில் ஏற்காடு போய்வருகிறவர். கொசு என்று அவர் சொன்னது, கார் பாட்டு செட்டில் பாட்டோடு சேர்ந்து கேட்கும் கீச்சொலியை. என்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு கடை ஏறி இறங்கியிருந்தார். முதல் கடையில் 'நாய்ஸ் ஃபில்டர்' ஒன்றை மாட்டி அனுப்பினார்கள். கொசு கொஞ்சம் அடங்கியது, பாட்டில் இருந்த பேஸும் சேர்ந்து அடங்கிவிட்டது. இரண்டாவது கடையில் செட்டே சரியில்லை என்று சொல்லிப் புது செட் விற்றார்கள். புது செட்டிலும் அதே கொசு, அதே சுருதி.

சேலத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கலும் கார் ஆடியோவும் பார்க்கிறவன் நான். இந்தப் புகாரோடு வருகிற பலரும் ஏற்கெனவே காசு விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். ஃபில்டர், பாட்டைப் பெருக்கிக் கொடுக்கும் புது ஆம்ப், செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் 'ஒரிஜினல்' ஆர்சிஏ வயர் என்று வாங்கிக் குவித்திருப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அவர்கள் வாங்கிய எதிலும் இருக்காது. டிக்கி கம்பளத்துக்கு அடியில் பெயின்ட்டின் மேல் முறுக்கிய ஒரு திருகாணியில் இருக்கும்.

சரி, முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அதற்கு ஏற்காடு மலைப்பாதையைவிட நல்ல பரிசோதனைக் கூடம் எனக்குத் தெரியாது. அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் கியரை இறக்கி மிதித்தாக வேண்டும். செகண்டில் இன்ஜின் உறுமும்போது சத்தம் கீச்சென்று மேலே போகிறதா, தேர்டு போட்ட நொடியில் ஒரு படி இறங்குகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் அது இன்ஜின் சுற்றோடு கட்டிப்போட்ட சத்தம். பிரேக் மிதிக்கும்போது மட்டும், அல்லது இண்டிகேட்டர் போடும்போது மட்டும் வந்தால் ஆள் வேறு. எஃப்.எம்.மில் மட்டும் வந்து, பென் டிரைவில் வராவிட்டால் அதுவும் வேறு ஆள். இந்த மூன்றையும் கவனித்துச் சொல்லும் வாடிக்கையாளர் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறார்.

இன்ஜினோடு ஏறி இறங்கும் கீச்சொலி, வண்டிக்கு மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரில் பிறக்கிறது. பழைய மெக்கானிக்குகள் இன்னும் அதை டைனமோ என்றுதான் சொல்கிறார்கள். அது உற்பத்தி செய்வது மூன்று ஃபேஸ் ஏ.சி. மின்சாரம். மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுகிற ஆறு டயோடுகள் உள்ளே இருந்து அதை டி.சி.யாக மாற்றுகின்றன. ஆனால் வெளியே வருவது எண்ணெய் மாதிரி வழவழப்பாக இருக்காது, சின்னச் சின்ன மேடு பள்ளங்கள் இருக்கும். வழக்கமான 12 துருவ ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுச் சுற்றினால் இப்படி 36 மேடுகள். இன்ஜின் 800 சுற்றில் ஐடிலில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் இரண்டரை மடங்கு வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொண்டால், நொடிக்கு 1200 மேடுகள். மிதித்து 3000 சுற்றுக்குப் போனால் 4500. இரண்டுமே நம் காது நன்றாகப் பிடிக்கிற சுருதிகள். கொசுவின் பிறந்த வீடு அதுதான்.

இந்த மேடு பள்ளம் எல்லா வண்டியிலும் இருக்கிறது. சில வண்டியில் மட்டும் ஏன் ஸ்பீக்கருக்கு வருகிறது?

பேட்டரியிலிருந்து போன மின்சாரம் பேட்டரிக்கே திரும்ப வேண்டும். காரில் திரும்பும் பாதை வண்டியின் பாடி. அதைத்தான் பாடி எர்த் என்கிறோம். டேஷ்போர்டில் இருக்கும் செட்டுக்கு ஓர் எர்த், டிக்கியில் இருக்கும் ஆம்புக்கு ஓர் எர்த். இந்த இரண்டையும் ஆர்சிஏ வயருக்குள் சிக்னல் கம்பியைச் சுற்றியிருக்கும் கம்பி வலை, அதாவது வெளிவலை, வேறு இணைக்கிறது. ஆம்பின் எர்த் நன்றாக இருக்கிறவரை வம்பில்லை. அது பலவீனமாக இருந்தால், திரும்ப வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு அந்த வலை வழியாகப் போகப் பார்க்கும். பெரிய வாய்க்கால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு அடுத்த வயலில் பாய்கிற மாதிரி. பாட்டின் சிக்னலுக்கு அந்த வலைதான் ஒரு கால். ஆல்டர்னேட்டரின் மேடு பள்ளம் அதில் ஏறியதும் ஆம்புக்கு அதுவும் பாட்டாகத்தான் தெரியும். பெருக்கிக் கொடுத்துவிடும்.

பட்டறைக்காரரின் டிக்கியைத் திறந்து கம்பளத்தைத் தூக்கினேன். ஆம்பின் கறுப்பு வயரை நுனி சீவி, ஒரு செல்ஃப் ஸ்க்ரூவில் சுற்றி, பெயின்ட்டின் மேலேயே முறுக்கியிருந்தார்கள். பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆம்பின் எர்த் முனையிலும், நீளமான ஒரு வயர் போட்டு இன்னொன்றைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்தேன். 0.4 வோல்ட் காட்டியது. கேட்க ஒன்றுமில்லாத அளவு போல இருக்கும். ஆம்ப் 20 ஆம்பியர் இழுக்கும்போது வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலே 0.4 வோல்ட் விழுந்துவிடும். ஆர்சிஏவில் வரும் பாட்டு சிக்னலோ முழுச் சத்தத்திலேயே பல செட்டுகளில் 2 வோல்ட்தான், மெதுவாக வைத்துக் கேட்கும்போது அதில் மிகச் சிறிய பங்கு.

சுரண்டி வெள்ளைத் தகடு தெரிகிறவரை உப்புத்தாள் போட்டேன். வயர் நுனிக்குச் சரியான உலோக வளையம், அதாவது லக், வைத்து நசுக்கிப் பிடிக்கவைத்து, ஸ்டார் வாஷரோடு போல்ட், நட்டு போட்டு இறுக்கி, துரு ஏறாமல் இருக்க மேலே பெயின்ட் பூசினேன். மீட்டர் 0.02 காட்டியது. கொசு இல்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "பத்த வெக்கிற எடத்துல அழுக்கு இருந்தா வெள்ளியே புடிக்காதுங்களே, இதுவும் அதே கதைதானுங்களா" என்றார். எனக்குப் பத்து நிமிடப் பேச்சு மிச்சம். முதல் கடையில் மாட்டிய ஃபில்டரைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன்.

எர்த் வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அரை மீட்டருக்குள் முடித்துவிடுவேன். பாசிட்டிவ் வயர் என்ன தடிமனோ அதே தடிமனில் எர்த்தும் இருக்க வேண்டும். இதில் மிச்சம் பிடிக்கிறவர்கள்தான் அதிகம். கைக்கு எட்டுகிறது என்று சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அது உயிர் காக்கிற போல்ட், அதைத் தொடவே கூடாது. மஞ்சள் நிற கனெக்டர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள், அது ஏர்பேக் வயரிங். புது வண்டிகள் பலவற்றில் பேட்டரி நெகட்டிவ் முனையில், பேட்டரிக்குப் போய்வரும் மின்சாரத்தைக் கணக்கெடுக்கும் ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்திருக்கும். ஆம்பின் எர்த்தை நேராக அந்த முனையில் மாட்டினால் வண்டியின் கணக்கு தப்பும். சென்சாருக்கு அந்தப் பக்கம், பாடியில்தான் மாட்ட வேண்டும்.

எர்த் சரியாக இருந்தும் சத்தம் வந்தால் பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பேன். முதலில் ஆம்பை அணைத்து ஆர்சிஏ வயரை உருவுவது. சிக்னலும் வலையும் ஒன்றாகச் சேர்த்து அடைத்த ஒரு முனையை அங்கே செருகி ஆம்பை மறுபடி போட்டால் அமைதியாக இருக்க வேண்டும். அமைதியாக இருந்தால் ஆம்ப் குற்றவாளி இல்லை. அடுத்து ஒரு செல்போனை அதே ஆம்பில் நேராக மாட்டிப் பாட்டுப் போடுவேன், சார்ஜரில் போடாமல். அதிலும் சத்தமில்லை என்றால் வயரா, செட்டா என்று பார்க்க வேண்டும். இன்னொரு ஆர்சிஏ வயரைச் சீட்டின் மேலாகத் தற்காலிகமாக இழுத்துப் பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் பவர் வயரையும் ஆர்சிஏவையும் ஒரே பக்கம், ஒரே சந்தில் ஒட்டிப் போட்டவன் நானும்தான். ஒன்று இடது பக்கம் போனால் மற்றது வலது பக்கம் போக வேண்டும். குறுக்கே தாண்டியே ஆக வேண்டுமென்றால் கூட்டல் குறி மாதிரி தாண்டட்டும்.

அணைத்துவிட்டு உருவுவது என்று சொன்னேனே, அதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை அவசரத்தில் செட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்சிஏவை உருவி மறுபடி செருகினேன். அதுவரை இல்லாத கீச்சொலி அதன் பிறகு வந்தது. சில செட்டுகளில் ஆர்சிஏ வெளிவலைக்கு உள்ளே முடி போல ஒரு நுண் ஃபியூஸ் இருக்கும். மின்சாரம் தவறான வழியில் ஒரு நொடி பாய்ந்தால் அது போய்விடும். பாட்டு பாடும், ஆனால் கொசு நிரந்தரமாகக் குடியேறிவிடும். செட்டைத் திறந்து சரிசெய்து, கூலி வாங்காமல் அனுப்பினேன்.

எல்லாவற்றையும் பார்த்த பிறகும் போகாவிட்டால் ஆல்டர்னேட்டரையே சந்தேகப்படலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் டி.சி. சுமார் 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்கும். மீட்டரை ஏ.சி.க்குத் திருப்பி அதே முனைகளில் வையுங்கள். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் டயோடு ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் ஃபில்டர் மாட்டுவது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பது போல. அதே டயோடு கசிந்தால் ராத்திரியோடு ராத்திரியாகப் பேட்டரியையும் இறக்கிவிடும். இன்னொன்று: ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிறேன் என்று ஓடுகிற வண்டியில் பேட்டரி முனையைக் கழற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய டைனமோ காலத்துப் பழக்கம் அது. இன்றைய வண்டியில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் ஒரே எகிறாக எகிறும். செட் மட்டுமில்லை, இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வும் போகலாம். யாராவது அப்படிக் கை வைத்தால் சாவியைப் பிடுங்கிக்கொள்ளுங்கள்.

மற்ற சத்தங்களைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் வண்டியில் இன்ஜினோடு சேர்ந்து டிக் டிக்கென்று வந்தால் ஸ்பார்க் பிளக் பக்கம் பாருங்கள். ரெசிஸ்டர் உள்ள பிளக்கின் எண்ணில் பெரும்பாலும் ஆர் எழுத்து இருக்கும். விலை குறைவென்று அது இல்லாததைப் போட்டால் இப்படித்தான். டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அதில் டிக் டிக்கென்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். இன்ஜின் எப்படி ஓடினாலும் மாறாமல் உஸ்ஸென்று வந்தால் ஆம்பின் கெயின் அளவுக்கு மேல் திருப்பியிருக்கிறது. செட்டிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைப் பொருத்துவதற்குத்தான் கெயின், அது வால்யூம் குமிழ் இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன்! எஃப்.எம்.மில் மட்டும் இரைச்சல் என்றால் முதலில் லைட்டர் சாக்கெட்டில் இருக்கும் சார்ஜரைப் பிடுங்குங்கள். மலிவு சார்ஜர் வேகமாக ஆன் ஆஃப் ஆகி 12 வோல்ட்டை 5 ஆகக் குறைக்கிறது. அதன் சிதறல் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை போய் விழும். டேஷ்கேமும், மலிவு எல்.இ.டி. ஹெட்லைட்டும் இதே ஜாதி. போனைச் சார்ஜில் போட்டு ஆக்ஸ் வயரில் பாட்டுக் கேட்கும்போது மட்டும் கொசு வந்தால், பாட்டை மட்டும் கடத்தி எர்த் இணைப்பைப் பிரித்துவிடும் ஐசோலேட்டர் ஒன்று போட்டுக்கொள்ளலாம். அங்கே மட்டும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் காது வலி. ஏற்காட்டில் நாகலூர் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு ஜீப் மட்டும் மனதில் நிற்கிறது. மழைக்காலத்தில் செட்டில் கீச்சொலி ஆரம்பித்ததாம். டிரைவர் செட்டை அணைத்துவிட்டு ஓட்டியிருக்கிறார். பிறகு ஹெட்லைட் மங்கியது, செல்ஃப் எடுக்கத் திணறியது. என்னிடம் வந்தபோது, செல்ஃப் அடிக்கையில் இன்ஜினுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டர் ஒரு வோல்ட்டைத் தாண்டியது. 0.2க்குள் இருக்க வேண்டும். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் பட்டை, மலைப் பனியிலும் ஈரத்திலும் பச்சை பூத்து உதிர்கிற நிலையில் இருந்தது. அந்தப் பட்டை அறுந்தால் செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் சும்மா இருக்காது. ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் என்று கிடைத்த இரும்பில் எல்லாம் பாய்ந்து அதைப் பழுக்கவைக்கும். பட்டையின் விலை சில நூறு ரூபாய். ஜீப் அதை முதலில் சொன்னது பாட்டின் வழியாகத்தான்.

கூடவே ஃபியூஸையும் பாருங்கள். ஆம்புக்குப் போகும் பாசிட்டிவ் வயரில், பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஆம்பிலேயே ஃபியூஸ் இருக்கிறதே என்பார்கள். அது ஆம்பைக் காப்பாற்றும். நடுவில் தகடு அறுத்து வயர் பாடியில் பட்டால் வண்டியைக் காப்பாற்றாது. செப்புப் பூச்சுப் பூசிய அலுமினிய வயரும் செப்பு வயர் விலையில் விற்கிறது. நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான்.

பட்டறைக்காரர் ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தார். கொசு இல்லையாம். ஆனால் மலை ஏறும்போது சில வளைவுகளில் கோடை எஃப்.எம். மட்டும் கரகரவென்று அறுகிறதாம், அடுத்த வளைவில் தானே சரியாகிவிடுகிறதாம். "எர்த் மறுபடி லூசாயிடுச்சுங்களா?"

சேர்வராயன் மலை நடுவே நின்று அலையை மறைத்துக்கொண்டிருக்கிறது என்றேன். "அதுக்கு என்னங்க பண்றது?"

பென் டிரைவ் வாங்கச் சொன்னேன்.