பரணில் பழைய வாள் கிடைத்தால் உடனே யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பாகப்பிரிவினைக்காகப் பூர்வீக வீட்டை ஒழித்தபோது பரணில் இரண்டு வாள்கள் கிடைத்தன. "வைத்திருந்தால் கேஸ்" என்று யாரோ சொல்ல, அன்றைக்கே காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். ரசீது வாங்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால், அப்படி எதுவும் இங்கே வரவில்லை என்று பதில். இன்னொரு வீட்டில் அதே "கேஸ்" பயத்தைக் காட்டிப் பழம்பொருள் வியாபாரி ஒருவர் எடைக்கு எடை இரும்பு விலையில் வாங்கிப் போனார். இரண்டு இடத்திலும் சட்டம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. அது அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அந்தக் கேஸ் பயம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கிக்கு ஒரு கணக்கு, வாளுக்கு வேறு கணக்கு. துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். வாளுக்கு அப்படி இல்லை. மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்ட பகுதிகளில் மட்டும், அதில் சொன்ன வகை ஆயுதங்களுக்கு, 4ஆம் பிரிவின்படி லைசென்ஸ் தேவை. அதற்கும் மேலே 45ஆம் பிரிவு இருக்கிறது. வழக்கொழிந்த வகை ஆயுதம், பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதம் இவற்றைத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாது என்றால் அந்தச் சட்டமே அவற்றுக்குப் பொருந்தாது. பழைய நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இப்போது சுடாது என்பது போதாது; பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும். வாளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதை எடுத்து ஊர்வலத்தில் சுழற்றுவதும், பிறந்தநாள் கேக் வெட்டி வீடியோ போடுவதும் வேறு விஷயம். அப்படிச் செய்து கைதானவர்களைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

அடுத்து வருவது 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம். நூறு வருடம் பழைய பொருள் தொல்பொருள். உடனே "பதிவு செய்யாவிட்டால் குற்றம்" என்று மிரட்டுவார்கள். கட்டாயப் பதிவுக்கு அறிவிக்கப்பட்டவை சிற்பம், ஓவியம், ஓவியமுள்ள சுவடி போன்றவைதான். சாதாரண வாள் அதில் இல்லை. பிடியில் தெய்வ உருவமோ விலங்கு உருவமோ செதுக்கியிருந்தால் மட்டும் அதைச் சிற்பமாகக் கணக்கில் எடுக்க இடமுண்டு. அப்போது பதிவு அலுவலரிடம் கேட்டுவிடுவது நல்லது.

சரி, கேட்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். நான் இரண்டு குடும்பங்களோடு இந்தச் சுற்றுச் சுற்றியிருக்கிறேன். காவல் நிலையத்தில் "தொல்லியல் துறைக்குப் போங்கள்" என்பார்கள். அங்கே "இது எங்கள் பட்டியலில் இல்லை, கலெக்டர் ஆபீஸ் ஆயுதப் பிரிவைப் பாருங்கள்." அங்கே "லைசென்ஸே வேண்டாமே, எதற்கு வந்தீர்கள்?" மூன்று பேர் சொன்னதும் கிட்டத்தட்டச் சரிதான். ஆனால் ஒருவரும் அதை ஒரு வரி எழுதித் தர மாட்டார்கள். அதனால் வாளைத் தூக்கிக்கொண்டு நேரில் அலையாதீர்கள். போட்டோவோடு கலெக்டருக்கு ஒரு கடிதம், சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில். உங்கள் மாவட்டத்துக்கு 4ஆம் பிரிவு அறிவிக்கை உண்டா, உண்டென்றால் நகல் வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் தனியாக ஒரு மனு. பத்து ரூபாய், 30 நாள் கெடு. வாயால் மட்டும் சொல்லி அனுப்பியவர்கள் இதற்குப் பதில் எழுதியாக வேண்டும்.

காவலர் வீட்டுக்கே வந்து எடுத்துப்போனால் கைப்பற்றுதல் மகஜர், அதாவது எதை எடுத்தார்கள் என்று எழுதும் ஆவணம், அதன் நகல் கேளுங்கள். நீங்களாகக் கொடுப்பதானால் சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பதிந்துகொண்டதற்குக் காவல் நிலையம் தரும் ரசீது) இல்லாமல் வாளைக் கைவிடாதீர்கள். ரசீது இருந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போட்டுத் திரும்பக் கேட்க ஒரு பிடிமானம் இருக்கும்.

45ஆம் பிரிவு காப்பாற்ற வேண்டுமென்றால் வாள் பழையது என்று நீங்கள் காட்ட வேண்டும். இங்கே நம் ஆட்கள் செய்யும் முதல் காரியம் புளி போட்டுத் தேய்ப்பது, பிறகு உப்புத்தாள். தயவுசெய்து வேண்டாம். நம் பக்கத்து உருக்கு வாள்களில் தண்ணீர் அலை போல ஓடும் கோலமும், அலகின் அடியில் இருக்கும் எழுத்தும் அதில்தான் போகின்றன. ராஜஸ்தானின் பிகானேர் அரண்மனை ஆயுதக் கிடங்கின் வாள்களில் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள் இருக்கும். அப்படி ஒரு வரி கிடைத்தால் அதுவே வாளின் பிறப்புச் சான்றிதழ். அலகில் ஐரோப்பிய முத்திரை இருந்தால் வெள்ளைக்காரன் வாள் என்று முடிவு கட்டாதீர்கள். ஜெர்மனி, இத்தாலியிலிருந்து வந்த அலகுகளுக்கு நம் ஊரில் பிடி போட்டுப் பயன்படுத்தினார்கள். அதற்கு 'ஃபிரங்கி' என்றே பெயர். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன. உங்கள் வாளின் போட்டோவை வைத்துக்கொண்டு ஒரு நாள் அங்கே நின்று ஒப்பிட்டுப் பாருங்கள், வகையாவது பிடிபடும். ஸ்கேல் பக்கத்தில் வைத்து முழு வாள், பிடியின் உள்பக்கம், அலகின் அடி எல்லாம் போட்டோ எடுங்கள். உயில், பாகப்பத்திரம், தாத்தா அதைப் பிடித்து நிற்கும் பழைய படம் இருந்தால் சேர்த்து வையுங்கள். வியாபாரி எழுதித் தரும் 'வயதுச் சான்று' எதற்கும் உதவாது. ஒரு பொருள் தொல்பொருளா என்ற கேள்வி வந்தால் முடிவு இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநருடையது, அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவருடையது.

பரணில் இல்லாமல் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தால் கதையே வேறு. 1801இல் ஆங்கிலேயர்கள் பாளையக்காரர் நாட்டில் ஆயுதங்களுக்குத் தடை போட்டவர்கள்; மண்ணிலிருந்து வாள் வருவதில் ஆச்சரியமில்லை. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். ஆம், இன்னும் அதே பத்து ரூபாய். வி.ஏ.ஓ.விடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. சொல்லாமல் விட்டால் உங்கள் பங்கும் போகும், ஒரு வருடம் வரை சிறையும் உண்டு. சொன்னாலும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அரசு எடுத்துக்கொள்வதென்றால் தருவது, அது எதனால் செய்யப்பட்டதோ அந்த மூலப்பொருளின் மதிப்பும், அதோடு அந்த மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கும். தங்கத்துக்கு அது பரவாயில்லை. வாளுக்கு இரும்பு விலைதான்.

விற்பதானால், வாங்குபவர் வியாபாரியா என்று பாருங்கள். தொல்பொருள் வியாபாரத்துக்கு லைசென்ஸ் கட்டாயம். அதைக் காட்டச் சொல்லுங்கள். தந்தப் பிடி போட்ட வாளை விற்கவே நினைக்காதீர்கள், வனவிலங்குச் சட்டம் வரும். அப்புறம், சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் மகனுக்குப் பூர்வீக நினைவாகக் கூரியரில் அனுப்புவதும் தடை செய்யப்பட்ட தொல்பொருள் ஏற்றுமதிதான். பணம் வாங்கவில்லை என்று சொல்லிப் பயனில்லை. குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை, அபராதம் தனி. வாள் நூறு வருடத்துக்கு உட்பட்டது என்று நினைத்தாலும், தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் கைக்கு வந்த பிறகு பெட்டியைக் கட்டுங்கள்.